கருவேல மரத் தூரும் ஒரு பிவிசி குழாயும்

போன அக்டோபரில் மேலூரிலிருந்து திருப்பத்தூர் போகும் வழியில் சாலை வேலை. வண்டிகளை ஊருக்குள் திருப்பிவிட்டிருந்தார்கள். பனங்காட்டைத் தாண்டி ஒரு மேடு ஏறியதும் அது கண்மாய்க் கரை என்று தெரிந்தது. அந்தப் பக்கம் பாதி நிறைந்த தண்ணீர், நடுவில் நாட்டுக் கருவேல மரங்கள், மரத்துக்கு நாலு நத்தைகுத்தி நாரை. வீட்டிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர். வேடந்தாங்கலுக்கு இரண்டு முறையும் கூந்தன்குளத்துக்கு மூன்று முறையும் பஸ் ஏறிப் போனவன் நான்.

புதிதாக ஒரு கண்மாய் கண்டுபிடித்தேன் என்று வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்துவிட்டாள். "ஊரே வெவசாயம் பாக்குற கம்மாய நீ கண்டுபுடிச்சியாக்கும்."

கண்மாயின் பெயரை எழுதவில்லை. கருவேல மரங்களில் இந்த வருஷம் நாரைகள் கூடு வைக்கப் பார்த்தன; கேமராக் கூட்டம் வந்தால் கலைந்துவிடும். பறவைப் பதிவுகளை ஏற்றும் இ-பேர்ட் தளத்தில் தேடினால் கிடைத்துவிடும் என்பது வேறு விஷயம்.

முதல் மாதம் வேடிக்கை மட்டும்தான். கையில் இருந்தது 8x42 பைனாகுலர். எட்டு மடங்கு பெருக்கம், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர். பத்து மடங்கு வாங்கியிருக்கலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். கரையில் காற்று அடிக்கும்போது பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும், எனக்கு எட்டே போதும். நம் பக்கத்துக் கண்மாய்களில் இன்னொரு வசதியும் உண்டு. நிலம் பெரும்பாலும் மேற்கே உயர்ந்து கிழக்கே சரிகிறது. அதனால் கரையைக் கிழக்கே போட்டிருப்பார்கள். காலையில் கரையில் உட்கார்ந்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் வரும், பறவையின் நிறம் பளிச்சென்று தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் உட்கார்ந்தால் எல்லாம் கரிக்கோட்டு ஓவியம்தான். இது தெரியாமல் முதல் மூன்று வாரம் ஆபீஸ் முடிந்து மாலையில் போய், 'கருப்பு வாத்து' என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இங்கே அப்படி ஒரு வாத்து இல்லை.

என்னைக் குடைந்தது வேறு கேள்வி. நவம்பரில் ஒரு ஞாயிறு ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியுமாக இருநூறு இருக்கும். அடுத்த ஞாயிறு பத்துகூட இல்லை. அதற்கடுத்த வாரம் மறுபடி கூட்டம். வேட்டையா, பருந்தா, என் கண்ணா? தண்ணீர் மட்டம் ஏறி இறங்குவதுதான் காரணமோ என்று சந்தேகம். சந்தேகம் இருந்தால் அளக்க வேண்டும். நிறைந்துகொண்டிருந்த கண்மாயில் ஒரு அளவுகோல் நடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் எனக்குத் தோன்றியது குமிழிதான். பழைய பாண்டிய நாட்டுக் கண்மாய்களில் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் நிற்கும், குறுக்கே கல் பலகைகள் செருகியிருக்கும், பார்த்திருப்பீர்கள். அது குமிழித் தூம்பு. அடியில் கல்தொட்டி, அதில் நீரோடித் துளை, சேறோடித் துளை. மேலே இருந்து குமிழைத் தூக்கினால் தண்ணீரும் வண்டலும் வெளியே போகும். இரண்டு தூண் ஏற்கெனவே நேராக நிற்கும்போது தனியாகக் குழாய் எதற்கு? தூணிலேயே பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுவிட்டால் முடிந்தது. பெயிண்ட் டப்பாவோடு போன என்னை, மடை திறந்து அடைக்கிற நீர்ப்பாய்ச்சித் தாத்தா கரையிலேயே நிறுத்திவிட்டார்.

"அதுல எழுத்து இருக்கு தம்பி. அது மேல சாயத்த அடிக்கப் போறியா?"

எழுத்து இருந்தது. குமிழியைச் செய்து கொடுத்தவர் பெயரைத் தூணில் வெட்டுவது வழக்கம். தண்ணீர் வற்றியபோது நானே போய்ப் பார்த்தேன், இரண்டு வரி தேய்ந்து கிடந்தது. அன்றைக்கு வெட்கப்பட்டுக்கொண்டு டப்பாவை மூடினேன். குழாய் நடவும் சும்மா போய் நட்டுவிட முடியாது. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்குக் குறைவாக இருந்தால் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துடையது, அதற்கு மேல் என்றால் நீர்வளத் துறை. இது சின்னக் கண்மாய். ஊராட்சியில் போய்ச் சொன்னேன். "மீன் பிடிக்க மாட்டீல்ல?" என்பது மட்டும்தான் அவர்கள் கேள்வி.

குழாய் செய்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், யாராவது செய்யப் பார்த்தால் என் தப்புகளைத் தவிர்க்கலாம்.

ஒன்றரை அங்குல பிவிசி, பத்தடி நீளம். வெறும் குழாய் காற்றுக்கு ஆடும், நட்ட இடத்திலிருந்து மேலே கிளம்பவும் பார்க்கும். உள்ளே ஒரு எட்டு எம்எம் கம்பியைச் செருகி, எம்-சாண்டும் சிமென்ட்டும் கலந்து ஊற்றி, ஒரு வாரம் ஈரத்துணி சுற்றி வைத்தேன். அடி முனையில் இரண்டு அடி சேற்றுக்குள் போகும் என்று விட்டுவிட்டு, அங்கிருந்து பூஜ்யம். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு பட்டை, கருப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி, எனாமல் பெயிண்ட். பதினெட்டு நாளில் பெயிண்ட் தோல் உரிந்த மாதிரி உரிந்தது. பிவிசியின் வழுவழுப்பில் பெயிண்ட் பிடிக்காது. முதலில் உப்புத்தாள் போட்டுச் சுரசுரப்பாக்க வேண்டும் என்று பெயிண்ட் கடைக்காரருக்குத் தெரிந்திருந்தது, நான் கேட்கவில்லை. இரண்டாவது முறை உப்புத்தாள் போட்டுத் துடைத்து, பெயிண்டை விட்டுவிட்டு பைக்குக்கு நம்பர் ஒட்டும் கடையில் ரேடியம் ஸ்டிக்கர் வெட்டி வாங்கினேன். எண்கள் ஆறு சென்டிமீட்டர் உயரம். அறுபது மீட்டர் தள்ளிக் கரையிலிருந்து பைனாகுலரில் தெளிவாகப் படிக்க முடிந்தது.

நடும்போது குமிழிப் பக்கம் முழங்கால் தண்ணீர்தான். கடப்பாரையால் குழி தோண்டி, நானும் தாத்தாவின் பேரனும் சேர்ந்து இறக்கி, சுற்றிலும் சரளை போட்டு மிதித்தோம். நடுப்பகலில் செய்தோம், அப்போதுதான் பறவைகள் தூர நிழலில் ஒதுங்கியிருக்கும். கண்மாய்ச் சேற்றில் தனியாக இறங்காதீர்கள். தொடை வரை ஒரு கால் போய் மாட்டினால் சிரிக்கத் துணை இருப்பதைவிட இழுக்கத் துணை இருப்பது முக்கியம்.

நட்ட மூன்றாம் நாள் புதுப் பிரச்சினை. தண்ணீருக்கு நடுவில் ஒற்றைக் கம்பம் நின்றால் நீர்க்காகத்துக்கு அது சிம்மாசனம். உட்கார்ந்து இறக்கையை விரித்து வெயில் காய்ந்து, போகும்போது வெள்ளையடித்துவிட்டுப் போனது. ஒரு வாரத்தில் மேலிருந்து நாலு பட்டை எச்சத்தில் மறைந்துவிட்டது. விரட்டுவதா? பறவை பார்க்க நட்ட கம்பத்திலிருந்து பறவையை விரட்டுவது எனக்கே சிரிப்பாக இருந்தது. இருபதடி தள்ளி, இதைவிட இரண்டடி உயரமாக ஒரு மூங்கில் நட்டு, உச்சியில் குறுக்குக் கட்டை கட்டினேன். உயரமான இடம் கிடைத்ததும் நீர்க்காகம் அங்கே மாறிவிட்டது. காலி நேரத்தில் கருப்புவெள்ளை மீன்கொத்தி வந்தது. அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, செங்குத்தாக விழுந்து, மீனோடு மூங்கிலுக்குத் திரும்பி, கட்டையில் மீனை அடித்துக் கொன்று விழுங்கும். ஒரு மணி நேரம் அளவு எழுத மறந்து அதையே பார்த்திருக்கிறேன்.

டிசம்பர் மழையிலும் பெரியாறு வாய்க்கால் தண்ணீரிலும் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிந்தது. ஜனவரி முதல் வாரம் குழாயில் 188. பிறகு மடை திறந்தார்கள். வாரத்துக்கு ஆறிலிருந்து பத்து சென்டிமீட்டர் என்று இறங்கத் தொடங்கியது. நோட்டில் ஒரு பக்கம் அளவு, மறுபக்கம் பறவை. ஒரு வாரம் எழுதிய பிறகுதான் உறைத்தது: இந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது!

கண்மாயின் ஆழமான பகுதி கரையோரம். குழாய் அங்கே நிற்கிறது. வாத்துகள் மேய்வதோ அதற்கு எதிர்ப்பக்கம், மேற்கே, உள்வாயில். இங்கே 188 என்றால் அங்கே எவ்வளவு? முழங்காலா, கணுக்காலா? அங்கே இறங்கி அளந்தால் பறவை பறந்துவிடும். கொத்தனார் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்க்கிற டியூப் லெவலைப் பிடித்துக்கொண்டு கண்மாய் முழுக்க நடக்கலாமா என்றுகூட யோசித்தேன். வீட்டுச் சுவருக்குச் சரி, முந்நூறு மீட்டருக்கு யார் பிடிப்பது?

முடிச்சை அவிழ்த்தது தாத்தாதான். அவர் இதை யோசனையாகச் சொல்லவில்லை. மடை அடைக்க வந்தவரிடம் இன்னும் எத்தனை நாளைக்குத் தண்ணீர் வரும் என்று பேச்சுக்குக் கேட்டேன். மேற்கே கை நீட்டினார்.

"அந்தா, சாஞ்ச கருவமரம் நிக்குதுல்ல, அதோட தூரு தண்ணிய விட்டு வெளிய வந்துருச்சுன்னா இன்னும் முப்பது நா. அதுக்கு இங்கிட்டு ரெட்டை மரம். அது தூரு தெரிஞ்சா நான் கடைசி மடைக்காரனுக்குச் சொல்லிருவேன், நெல்லு வேணாம், உளுந்து போடுன்னு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதுவே ஓடிக்கொண்டிருந்தது. நின்ற தண்ணீரின் மேற்பரப்பு எங்கும் ஒரே மட்டம். தண்ணீர் விளிம்பு ஒரு மரத்தின் தூரைத் தொடும் நாளில் குழாய் என்ன காட்டுகிறதோ, அதுதான் அந்த மரத்தின் மட்டம். இவ்வளவு பெரிய ரசமட்டம் கண்ணெதிரே கிடக்க, நான் டியூப் தேடியிருக்கிறேன். மரத்தின் மட்டம் ஒருமுறை தெரிந்துவிட்டால் பழைய நோட்டையும் திருப்பிப் படிக்கலாம். அன்றைய குழாய் அளவிலிருந்து மரத்தின் மட்டத்தைக் கழித்தால், அன்று அந்த மரத்தடியில் இருந்த ஆழம்.

முதலில் வாராவாரம் தண்ணீர் விளிம்பில் சுண்ணாம்பு தடவிய கல் வைத்துப் பார்த்தேன். ஆடு மேய்க்கிற பையன்கள் இரண்டாவது வாரமே அதை வைத்து மாங்காய் அடித்துவிட்டார்கள். மரத்தை யாரும் நகர்த்த முடியாது. மேற்கேயிருந்து கிழக்காக வரிசையில் பதினோரு மரத்தை எடுத்துக்கொண்டேன், அடியில் மண்மேடு இல்லாதவையாகப் பார்த்து. மரத்தில் எண் எழுதவில்லை, நோட்டில் படம் மட்டும். நாலாவது மரம் 165-ல் வெளியே வந்தது. ஆறாவது, தாத்தாவின் சாய்ந்த மரம், 156. தரை அவ்வளவு சமம். தண்ணீர் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் விளிம்பு இருபது மீட்டர் உள்ளே போய்விடுகிறது.

இப்போது ஜனவரி முதல் வாரப் பக்கத்தைத் திறந்தேன். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நாலாவது மரத்துக்கும் ஆறாவது மரத்துக்கும் இடையில் என்று எழுதியிருக்கிறது. 188-ல் 165 போனால் 23. 156 போனால் 32. ஒரு சாணிலிருந்து ஒன்றரைச் சாண் தண்ணீர். தலையை உள்ளே விட்டு வாலை மேலே தூக்கி மேய்கிற வாத்துக்குக் கழுத்து எட்டுகிற தூரம். பிப்ரவரிப் பக்கத்திலும் கழித்துப் பார்த்தேன், மார்ச்சிலும் பார்த்தேன். மரங்கள் மாறின, கழித்து வந்த விடை அந்த ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்குப் பக்கத்திலேயே நின்றது.

இந்த ஆழம் ஒரு வளையம் மாதிரி கண்மாயைச் சுற்றி இருக்கிறது. தண்ணீர் இறங்க இறங்க வளையமும் கிழக்கே நகரும், வாத்தும் கூடவே நகரும். வளையம் வடக்கு முடுக்கில் சம்புப் புதருக்குப் பின்னால் போகிற வாரம், நான் உட்காரும் இடத்திலிருந்து ஒரு வாத்தும் தெரியாது. அந்த வாரங்களில்தான் நான் 'வாத்து இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அவை எங்கேயும் போகவில்லை. நான்தான் தப்பான இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நவம்பர் கதையும் அதுவேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், அப்போது சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அது தாழப் பறந்து வந்தால் சாண் கணக்கெல்லாம் பார்க்காமல் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.

மற்றவற்றுக்கும் இப்படி வீடு பிரிந்தது. பொரி உள்ளான் ஈர விளிம்பில், விரல் நனையும் அளவு. நெடுங்கால் உள்ளான் அதற்கு உள்ளே. சிவப்புக் கால் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று பார்த்தே நான் இப்போது ஆழத்தைச் சொல்லிவிடுவேன். மஞ்சள் மூக்கு நாரை வாத்துகளின் வளையத்திலேயே வாயைப் பாதி திறந்து தண்ணீருக்குள் வைத்துத் துழாவிக்கொண்டு நடக்கும். முக்குளிப்பான் கரையோர ஆழத்தை விட்டு வரவே வராது. கூழைக்கடாவுக்கு மட்டும் இந்தச் சட்டம் எதுவும் இல்லை. மிதந்துகொண்டு எங்கே வேண்டுமானாலும் போகிறது.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. 2015-லிருந்து பொங்கல் விடுமுறையை ஒட்டி நடக்கிறது; யார் வேண்டுமானாலும் தங்கள் பக்கத்தில் எண்ணி இ-பேர்டில் ஏற்றலாம். அன்று நான் வடக்கு முடுக்குக்குப் போய் உட்கார்ந்தேன். ஆண் நீலச்சிறகிக்கு வெள்ளைப் புருவம் ஜனவரியில்தான் துலங்கும், அக்டோபரில் வரும்போது ஆணும் பெண்ணும் ஒரே அழுக்கு நிறம். ஆகவே இனம் பிரிப்பதில் குழப்பம் இல்லை. எண்ணுவதில்தான் மானம் போனது. கண்ணால் பார்த்து 250 என்று எழுதினேன். செல்போனைப் பைனாகுலரில் வைத்து எடுத்த படத்தில் புள்ளி வைத்து எண்ணினால் 410. இப்போது பத்து வாத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டத்தை அளக்கிறேன். இன்னும் குறைவாகத்தான் எண்ணுகிறேன், ஆனால் இவ்வளவு மோசம் இல்லை.

பிப்ரவரி மூன்றாவது வாரம் குழாய் என்னை ஏமாற்றப் பார்த்தது. போன வாரம் 156, இந்த வாரமும் 156. மடை திறந்துதான் கிடக்கிறது, மழை இல்லை. தண்ணீர் எப்படி இறங்காமல் நிற்கும்? மேற்கே பார்த்தால் போன வாரம் ஆறாவது மரத்தைத் தொட்டுக்கொண்டிருந்த விளிம்பு மரத்தை விட்டுப் பன்னிரண்டு மீட்டர் உள்ளே போயிருக்கிறது. மரம் பொய் சொல்லாது. குழாயை உற்றுப் பார்த்தேன். சாய்ந்திருந்தது. எருமை முதுகு சொறிய வாகான உயரம். சாய்ந்த குழாயில் தண்ணீர் நேர் ஆழத்தைவிட அதிகமாகக் காட்டும்.

நல்லவேளை, குமிழியின் கீழ்க் குறுக்குக் கல்லின் அடி விளிம்பைத் தண்ணீர் தொட்ட நாளில் குழாய் 172 என்று எழுதி வைத்திருந்தேன், ஏதோ ஒரு யோசனையில். நடுப்பகலில் டேப்போடு இறங்கி, அந்த விளிம்பிலிருந்து தண்ணீர் வரை அளந்தேன்: 22. ஆக உண்மை மட்டம் 150. 150-ஐ 156 ஆகக் காட்ட எவ்வளவு சாய்ந்திருக்க வேண்டும் என்று மகளிடம் கணக்குப் போடச் சொன்னேன். 16 டிகிரி என்றாள், காஸ் தீட்டா வாழ்க்கையில் எங்கே உதவும் என்று கேட்டுக்கொண்டிருந்தவள். குழாயை நிமிர்த்தி, இந்த முறை மூன்று பக்கம் முளையடித்துக் கம்பி கட்டினேன். எழுத்துள்ள கல்லில் சாயம் அடிக்காமல் போனேனே, அடித்திருந்தால் இந்த வேலையே மிச்சம் என்று அரை நிமிஷம் தோன்றியது. தாத்தாவிடம் சொல்லவில்லை.

ஏப்ரலில் நீலச்சிறகி முழுசாகப் போய்விட்டது. கண்மாயில் கரையோரம் மட்டும் இடுப்பளவு தண்ணீர். ஊர்க்கூட்டத்தில் மீன்பிடித் திருவிழாவுக்கு நாள் குறித்தார்கள். இந்தப் பக்கத்தில் தெரியுமே, பெரியவர்கள் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசியதும் அக்கம்பக்கத்து ஊர்கள் எல்லாம் ஊத்தா, கச்சா என்று மீன்பிடி சாமான்களோடு இறங்கும். ஒரு காலையில் கண்மாய் காலி. இதைப் பார்த்து முகம் சுளிக்கிற பறவை ஆர்வலர்களை எனக்குத் தெரியும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பக்கத்திலேயே வேட்டங்குடிச் சரணாலயம், 1977-ல் அறிவித்தது. அதை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த ஊர்களுக்கும் இந்த ஊருக்கும் ஒரே மாதிரி மனிதர்கள்தான். கூடு கட்டி முட்டை வைத்த மரம் எதுவும் இந்த முறை தண்ணீருக்குள் இல்லை என்று முன்தினம் தாத்தாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன், அது போதும்.

திருவிழா அன்று நானும் இறங்கினேன். எனக்குக் கிடைத்தது இரண்டு ஜிலேபி மீன். குழாயைக் கூட்டத்தில் தேடினேன், காணோம். மூன்று முளையும் கம்பியும் கிடந்தன. கரையேறிப் பார்த்தால் இரண்டு பேர் ஒரு காவுகம்பைத் தோளில் வைத்து நடுவில் சாக்கு நிறைய விராலைத் தொங்கவிட்டு நடந்துகொண்டிருந்தார்கள். கம்பில் கருப்பும் வெள்ளையும் பட்டைகள். சாக்கு சரியாக 120-க்கும் 130-க்கும் நடுவில்.

"நல்ல கனமான கம்புண்ணே, வளையவே இல்ல" என்றார் முன்னால் போனவர். கான்கிரீட் ஊற்றியது என்று சொன்னேன். வீட்டில் இறக்கிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள், கூடவே ஒரு விரால்.

இப்போது தரை வெடித்துக் கிடக்கிறது. மூங்கில் மட்டும் நிற்கிறது, யாரும் பிடுங்கவில்லை. வரும் அக்டோபருக்கு முன் குழாயைக் குமிழிக்கு ஒட்டினாற்போல் நடப்போகிறேன், எருமை இடுக்கில் நுழையாது. வடக்கு முடுக்கில் ஆறு மரம் பார்த்து வைத்திருக்கிறேன். தாத்தாவிடம் பழைய பதினோரு மரப் படத்தையும் காட்டினேன். நோட்டைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒம்போதாவது மரத்த தப்பாப் போட்டுருக்க, அது வாய்க்காலுக்கு அங்கிட்டுல்ல இருக்கு" என்றார். போய்ப் பார்த்தேன். அங்கிட்டுத்தான் இருந்தது.